யோகாசனம்: எதை எடுப்பது? எதை விடுவது?



இந்தக் கட்டுரையை ஒரு தவறை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தவறைச் செய்தவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் சிவகாசியில் ஒரு ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்தேன். ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் வந்தார். நாற்பது வயது கூட இருக்காது, இடுப்பில் கை வைத்து நடந்து வந்தார். காலண்டர் சீசனில் பேப்பர் ரீம் தூக்கித் தூக்கி டிஸ்க் விலகி விட்டதாம். டாக்டர் மாத்திரையோடு ஒரு சீட்டையும் கொடுத்திருந்தார். அதில் புஜங்காசனம், சலபாசனம், மூச்சுப் பயிற்சி என்று எழுதியிருந்தது.

"அஜ்ரத், இது யோகா ஆச்சே... செய்யலாமா? கூடாதுன்னு சிலபேர் சொல்றாங்க" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். அது என்ன பயிற்சி, எப்படிச் செய்வது, அதில் மந்திரம் உண்டா, யாரையாவது வணங்குவதாக இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்திருக்க வேண்டும். நானோ அடுத்த ஊரில் கூட்டத்திற்குப் போகும் அவசரத்தில், "சந்தேகமானதை விட்டுடுங்க பாய், அல்லாஹ் வேறு வழி காட்டுவான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

அவர் சொன்னபடியே விட்டுவிட்டார். ஆனால் வலி அவரை விடவில்லை. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரையைத் தாமாகவே வாங்கி மாதக் கணக்கில் விழுங்கியிருக்கிறார். வயிறு புண்ணாகி, கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மறுபடி நான் பார்த்தபோது கடைசி ஸஃப்பில் நாற்காலி போட்டுத் தொழுது கொண்டிருந்தார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, ஸலாம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை இதைப் பற்றிப் படிக்க வைத்தது.

மார்க்கத்தில் ஹராம் என்று சொல்வதற்கு எவ்வளவு ஆதாரம் வேண்டுமோ, அவ்வளவு ஆதாரம் 'எதற்கும் விட்டுவிடுங்கள்' என்று சொல்வதற்கும் வேண்டும். இதை ஏழாண்டு மதரஸாவில் ஓதி வந்த நான், செருப்பைத் தேடும் அவசரத்தில் மறந்துவிட்டேன்.

எதற்காக வந்தது இந்த ஆசனம்?

முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம். யோகம் என்பது வெறும் உடற்பயிற்சியாகத் தோன்றியதல்ல. பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. அங்கே ஆசனத்திற்குக் கொடுக்கப்பட்ட இடமும் மிகச் சிறியது. அசையாமல், சிரமமில்லாமல் உட்காரப் பழகு என்பதுதான் அதன் சாரம். உட்காருவது எதற்கு? தியானத்திற்கு, அதைத் தாண்டி சமாதி நிலைக்கு. நம் தமிழ்நாட்டுத் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டு அங்கங்களைத்தான் பேசுகிறார். ஆக, அதன் பழைய நோக்கம் ஆன்மிகம்தான். அதை மறைத்து, 'இதற்கும் மதத்திற்கும் சம்பந்தமே இல்லை' என்று நம்மிடம் சொல்பவர்கள் நேர்மையாகப் பேசவில்லை.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஹடயோக பிரதீபிகையில் விளக்கப்படும் ஆசனங்கள் பதினைந்துதான். இன்று நாம் படங்களிலும் டிவியிலும் பார்க்கும் நின்று செய்யும் ஆசனங்களும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் தொடர்ப் பயிற்சிகளும் பெரும்பாலும் கடந்த நூறு ஆண்டுகளில் பரவியவை. 1924-ல் லோனாவாலாவில் குவலயானந்தர் கைவல்யதாமத்தைத் தொடங்கி, எக்ஸ்ரே, ரத்த அழுத்தக் கருவி என்று வைத்து ஆசனங்களை ஆராய்ந்தார். 1930-களில் மைசூர் மகாராஜாவின் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் இளைஞர்களுக்கு ஆசனம் கற்பித்தார். அவரிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும்தான் பிறகு உலகமெங்கும் அதைக் கொண்டு போனவர்கள். கிருஷ்ணமாச்சாரியார் பின்னாளில் சென்னைக்கு வந்து, நோயாளிக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக் கொடுக்கும் முறையைக் கையாண்டு, 1989-ல் நூறு வயதில் காலமானார். கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி எளிய உடற்பயிற்சிகளாக அமைத்துக் கொடுத்தது, மனவளக்கலை மன்றங்கள் வழியாக இன்று ஊருக்கு ஊர் நடக்கிறது.

சூரிய நமஸ்காரத்தை ஓர் உடற்பயிற்சி முறையாகப் பரப்பியவர் மராட்டியத்தின் அவுந்த் சமஸ்தான ராஜா. அதுவும் 1920-களில்தான். பதஞ்சலி சூத்திரத்தில் சூரிய நமஸ்காரம் இல்லை. 'ஐயாயிரம் வருடப் பாரம்பரியம்' என்று மேடையில் முழங்குபவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

நம்மவர்கள் பக்கமும் ஒரு செய்தி உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி பதஞ்சலியை அரபியில் மொழிபெயர்த்துவிட்டார். பதினாறாம் நூற்றாண்டில் குவாலியரைச் சேர்ந்த முஹம்மது கவ்ஸ் என்னும் சூஃபி, யோகம் பற்றிய ஒரு நூலைப் பாரசீகத்தில் 'பஹ்ருல் ஹயாத்' என்று தந்தார். பின்னர் ஜஹாங்கீர் என்று பெயர் சூடிய இளவரசர் சலீம், 1600-க்கும் 1604-க்கும் இடையில் அலகாபாத்தில் அந்த நூலை ஓவியங்களோடு எழுதச் செய்தார். ஆசனங்களை வரிசையாகப் படம் போட்டு விளக்கும் நூல்களில் நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தப் பிரதி இன்று அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. அந்தச் சூஃபியின் கொள்கைகள் எல்லாம் நமக்கு ஏற்புடையவை அல்ல, அது வேறு விஷயம். ஆனால் பிறர் அறிவைத் திறந்து பார்க்கப் பயப்படாத சமுதாயமாக நாம் இருந்தோம் என்பதை மறுக்க முடியுமா?

அகழ்ப் போரில் மதீனாவைக் காக்கக் குழி தோண்டும் யோசனை எங்கிருந்து வந்தது? ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் பாரசீகத்திலிருந்து கொண்டு வந்தது. நெருப்பை வணங்கும் கூட்டத்தின் போர் உத்தி என்று நபி (ஸல்) அவர்கள் அதை ஒதுக்கவில்லை.

சிவகாசிக்காரன் முதுகு

வாசகர்களே! சிவகாசி பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1920-களில் இரண்டு பேர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து தொடங்கி, பட்டாசு, அச்சு என்று வளர்ந்த ஊர். இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும் பகுதி இங்கிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும்தான் போகிறது. அந்தப் பட்டாசை உருவாக்குபவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா?

விடிந்தும் விடியாமல் கம்பெனி வேன் வரும். போனதும் தரையில் சம்மணம். சரம் பின்னும் பெண் தலையைக் கவிழ்த்தால் மதியச் சோற்றுக்குத்தான் நிமிர்வாள். பின்னுகிற கணக்கிற்குத்தான் கூலி, நிமிர்ந்தால் காசு போச்சு. குழாய் உருட்டுபவர், திரி வைப்பவர், தீப்பெட்டி ஒட்டுபவர், பைண்டிங்கில் பாரம் மடிப்பவர் எல்லாருக்கும் இதே நிலைதான். பிரஸ்காரர் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் நிற்பார். நாற்பது வயதில் 'இடுப்பு பிடிச்சிருச்சு' என்று சொல்லாத ஆள் இந்த வட்டாரத்தில் உண்டா?

எலும்புக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குக்கு நேரடியாக ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியிருக்கும் பகுதியிலிருந்து ஊறி வருவதுதான் அதற்கு உணவு. உடல் அசைந்தால்தான் அந்த ஊறல் ஒழுங்காக நடக்கும். எட்டு மணி நேரம் ஒரே கூனலில் இருந்தால் முன்பக்கம் நசுங்கிக்கொண்டே இருக்கும், பின்பக்கத் தசை இழுபட்டுச் சோர்ந்து போகும். குப்புறப் படுத்து, நெஞ்சை மெல்லத் தூக்கும் புஜங்காசனம் அந்தக் கூனலுக்கு நேர் எதிரான திசையில் வளைக்கிறது. காலை ஒவ்வொன்றாகத் தூக்கும் சலபாசனம் இடுப்பைத் தாங்கும் தசைக்கு வேலை கொடுக்கிறது. பூனை போல் நாலு காலில் நின்று முதுகை ஏற்றி இறக்குவது இறுகியதைத் தளர்த்துகிறது. விஷயம் இவ்வளவுதான், இதில் எந்த ரகசியமும் இல்லை.

மூச்சும் அப்படித்தான். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. படபடப்பு உள்ளவருக்கும் தூக்கம் வராதவருக்கும் அதில் ஆறுதல் உண்டு.

பலனை மிகைப்படுத்திச் சொல்லவும் நான் விரும்பவில்லை. அமெரிக்க மருத்துவர்களின் சங்கம் ஒன்று 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பாக முயல வேண்டியவற்றின் பட்டியலில் யோகாவையும் சேர்த்தது. அதே ஆண்டு காக்ரேன் என்னும் ஆய்வு அமைப்பு பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி எதுவும் செய்யாதவரை விட யோகா செய்தவருக்கு ஓரளவு முன்னேற்றம் இருந்தது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளை விட யோகா மேல் என்று சொல்லத் தெளிவான ஆதாரம் இல்லை என்றது. சிலருக்கு வலி கூடியதையும் அது குறிப்பிட்டது. ஆகவே 'சர்க்கரை போகும், கேன்சர் போகும்' என்று வித்தை காட்டுபவரை நம்பி மருந்தை நிறுத்தி விடாதீர்கள். கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர், ரத்தக் கொதிப்பு கட்டுப்படாதவர் தலைகீழாக நிற்கக் கூடாது. டிஸ்க் விலகியவர் குனிந்து கால் விரலைப் பிடிக்க முயலக் கூடாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலுமினியத் தூளும் கந்தகப் புகையும் நெஞ்சில் போனால் எந்த மூச்சுப் பயிற்சியும் அதை வெளியே கொண்டு வராது. அதற்கு முகக்கவசம் வேண்டும், காற்றோட்டம் வேண்டும். இடுப்புக்கு முதலில் வேண்டியது மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து நடக்க அனுமதி. ஆண்டுக்கு ஒருநாள் பேனர் கட்டி, தொழிலாளியை வரிசையாக உட்கார வைத்து யோகா நடத்திப் போட்டோ எடுத்துக் கொள்ளும் முதலாளிகளைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அந்தத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா? அவர் சாய்ந்து உட்கார ஒரு முதுகுப்பலகை உண்டா? ஆசனம் கற்றுக் கொடுப்பதற்கு முன் உட்கார ஆசனம் கொடுங்கள் ஐயா!

எல்லை எங்கே?

இனி மார்க்கம். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உடலுக்கும் கண்ணுக்கும் மனிதன் மீது உரிமை இருக்கிறது என்று உணர்த்தினார்கள். வணக்கத்திற்காகக் கூட உடலைக் கெடுக்கக் கூடாது என்றால், நோயைத் தீர்க்கும் பயிற்சியைப் பெயரைப் பார்த்து விட்டுவிடுவது எப்படிச் சரியாகும்? புஜங்காசனம் என்பதற்குப் 'பாம்புப் பயிற்சி' என்று பெயர் வைத்தால் பலன் குறையுமா? எனக்குத் தெரிந்து குறையாது.

ஆனால் வணக்கம் வேறு. படைத்தவனுக்கு மட்டுமே உரியது அது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஸஜ்தா செய்யாதீர்கள் என்று குர்ஆன் (41:37) நேரடியாகத் தடுக்கிறது. சூரியன் உதிக்கும் நேரத்திலும் மறையும் நேரத்திலும் அல்லாஹ்வைத் தொழுவதைக் கூட, சூரிய வணக்கத்திற்கு ஒப்பாகிவிடும் என்று நபியவர்கள் தடுத்தார்கள். அப்படியிருக்க, 'நமஸ்காரம்' என்று பெயரிலேயே வணக்கத்தைச் சுமந்து, சூரியனின் பன்னிரண்டு பெயர்களைச் சொல்லிச் செய்யும் ஒன்றில் நாம் கலந்துகொள்ள முடியாது. மந்திரம் சொல்வதும், ஓம் என்று ஓதுவதும், குருவின் படத்தின் முன் கைகூப்பி ஆரம்பிப்பதும் நமக்கு இல்லை. இதில் சமரசத்திற்கு இடமே இல்லை.

வெளிநாட்டு உலமாக்களும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான் வந்து நின்றிருக்கிறார்கள். 2008-ல் மலேசியாவின் ஃபத்வா கவுன்சில் யோகாவைத் தடுத்தபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. மந்திரம் ஓதாமல் உடற்பயிற்சியாகச் செய்யலாம் என்று அன்றைய பிரதமர் அப்துல்லாஹ் படாவி விளக்கம் கொடுத்தார். 2009 ஜனவரியில் இந்தோனேசிய உலமா சபை, மந்திரமும் சடங்கும் கலந்ததைத் தடுத்து, வெறும் உடற்பயிற்சியை அனுமதித்தது. சவூதி அரசு 2017-ல் அதை ஒரு விளையாட்டாக அங்கீகரித்தது. சவூதி செய்ததெல்லாம் நமக்கு ஆதாரமல்ல, ஆதாரம் குர்ஆனும் ஹதீஸும்தான். ஆனாலும் 'யோகா செய்தவன் காஃபிர்' என்று தெருமுனையில் தீர்ப்பளிப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

குப்புறப் படுப்பதை நபியவர்கள் வெறுத்தார்களே, புஜங்காசனம் குப்புறப் படுத்துத்தானே செய்ய வேண்டும் என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த ஹதீஸ்கள் குப்புறப் படுத்து உறங்குவது பற்றியவை. முதுகுக்கு ஊசி போட டாக்டர் குப்புறப் படுக்கச் சொன்னால் மாட்டேன் என்போமா? சிகிச்சைக்காக இரண்டு நிமிடம் செய்வதும் அது போன்றதுதான் என்பது என் கருத்து. இதை விட வலுவான ஆதாரம் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், திருத்திக் கொள்கிறேன்.

மறுபக்கம், நம்மவர்களிலேயே சிலர் 'தொழுகைதான் உலகின் சிறந்த யோகா' என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். அத்தஹிய்யாத்தில் உட்காருவதை வஜ்ராசனம் என்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. தொழுகை உடல் நலத்திற்காகக் கடமையாக்கப்பட்டதல்ல. மூட்டு நோகும் என்று தெரிந்தும் ஸஜ்தாவில் விழுபவர் எந்த உடற்பயிற்சிக்காக விழுகிறார்? ஆசனத்தை வணக்கமாக்குவது எப்படிக் கூடாதோ, அப்படியே வணக்கத்தை ஆசனமாக்குவதும் கூடாது.

கட்டாயம் வந்தால்?

2014 டிசம்பர் 11-ல் ஐ.நா. சபை ஜூன் 21-ஐ யோகா தினமாக அறிவித்தது. அதை முன்மொழிந்த நாடுகளோடு கைகோத்தவற்றில் முஸ்லிம் நாடுகளும் ஏராளம். 2015-ல் டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் உட்கார்ந்து செய்தார்கள். அதற்கு முன் முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் எதிர்ப்புத் தெரிவித்தது, நிகழ்ச்சியிலிருந்து சூரிய நமஸ்காரம் விலக்கப்பட்டது. முறையாகச் சொன்னால் கேட்கப்படும் என்பதற்கு இது ஓர் உதாரணம். ஆனால் 2021 டிசம்பரில் கல்லூரிகளுக்கு 75 கோடி சூரிய நமஸ்காரம் என்று சுற்றறிக்கை வந்தபோது மீண்டும் முதலிலிருந்து பேச வேண்டியதாயிற்று.

இதில் நமக்குள்ள உரிமை தெளிவானது. அரசு அங்கீகாரம் அல்லது உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையை, பெற்றோரின் சம்மதமின்றி மத வழிபாட்டில் கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3)-ஆம் பிரிவு. கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்திற்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பள்ளிகளில் யோகாவைக் கட்டாயமாக்கக் கோரிய மனுவை 2017-ல் அதே நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

ஆகவே பிள்ளை பள்ளியிலிருந்து வந்து 'அத்தா, யோகா கிளாஸ்' என்றால் பதறாதீர்கள். தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதற்கு முன் நேரில் பேசுங்கள். "சார், என் பிள்ளை ஆசனம் செய்யட்டும், ஓடட்டும், குதிக்கட்டும். மந்திரமும் சூரிய நமஸ்காரமும் மட்டும் எங்கள் நம்பிக்கையில் இல்லை. அந்த நேரம் ஓரமாக நிற்க அனுமதியுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் நல்லவர்கள், ஒத்துக்கொள்வார்கள். நான் இரண்டு இடத்தில் போய்ப் பேசியிருக்கிறேன். ஓர் இடத்தில் டீ கொடுத்து ஒத்துக்கொண்டார்கள். இன்னோர் இடத்தில் இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பிரஸ் சகோதரர் விஷயத்திற்கு வருகிறேன். அவர் வீட்டிற்கே போய், நான் சொன்னது அவசரத்தில் சொன்னது, மன்னித்துக் கொள்ளுங்கள் என்றேன். பழைய சீட்டைத் தேடினார், கிடைக்கவில்லை. மறுபடி டாக்டரிடம் போய், ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் முறையாகக் கற்றுக்கொண்டார். ஃபஜ்ருக்குப் பின் பாயை விரித்து 'பிஸ்மில்லாஹ்' சொல்லித் தொடங்குகிறார். வலி முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் நாற்காலி போய்விட்டது, மூன்றாவது ஸஃப்பில் நின்று தொழுகிறார். ரீம் தூக்கும் வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை.

அவர் மனைவி என்னிடம் ஒன்று கேட்டார்: "ஆம்பளைங்களுக்கு ஆச்சு. சரம் பின்றவங்க நாங்க என்ன செய்ய அஜ்ரத்? எங்களுக்குச் சொல்லித்தர பொம்பளை யாராச்சும் கெடப்பாங்களா?" பயிற்சி பெற்ற சகோதரி யாராவது இந்த வட்டாரத்தில் இருந்தால் ஜமாஅத்துக்குத் தெரிவியுங்கள். பெண்கள் மதரஸாவின் கூடம் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் காலியாகத்தான் இருக்கிறது.